வீடு வாங்கப் போறீங்களா? முதலில் உங்கள் வக்கீலைப் பிடியுங்கள்!

புரோக்கர் கூட்டி வரும் வக்கீல் யாருக்கு வக்கீல்?
வில்லங்க சான்றில் தெரியாத வில்லங்கங்கள்

சென்னை,

கத்தரிக்காய் வாங்கினால் கூட காம்பைப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, சொத்தை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆனால் 40 லட்சம், 50 லட்சம் கொடுத்து வீடு வாங்கும்போது, "புரோக்கர் நம்ம ஆளு சார்" என்ற ஒரே வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் ஏராளம்.

அப்படிக் கையெழுத்துப் போட இருந்தவர்தான் அந்தக் கணக்குப்பிள்ளை. சென்னையில் வீடு வாங்கும் பலருக்கு நடப்பதுதான் இவருக்கும் நடந்தது. பேரும் ஊரும்தான் மாறும்.

விவரம் வருமாறு:-

மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர் அவர். பல்லாவரத்தில் வாடகை வீடு. மனைவி, இரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் பீச் ஸ்டேஷனுக்கு மின்சார ரெயில், இரவில் திரும்பவும் அதே ரெயில். இருபது வருடம் இப்படி ஓடிச் சேர்த்த பணம், பி.எப். பணம், மனைவியின் நகை, மீதிக்குப் பேங்க் கடன். இதுதான் திட்டம்.

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு வீடு கிடைத்தது. அரை கிரவுண்டு மனை. கீழே மட்டும் வீடு. கிணறு உண்டு. ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம். விலை ரூ.48 லட்சம்.

அவசரம்

புரோக்கர் பறந்தார். "சார், வெள்ளிக்கிழமை நல்ல நாள். ஐந்து லட்சம் அட்வான்ஸ் போட்டு அக்ரிமென்ட் போட்டுடுவோம். இன்னொரு பார்ட்டி ரெடியா நிக்குது" என்றார்.

"பத்திரத்தை யாராவது வக்கீல்கிட்ட காட்டணுமே..." என்று இழுத்தார் கணக்குப்பிள்ளை.

"அதுக்கு எதுக்கு சார் வெளி ஆளு? நம்ம வக்கீலே பார்த்துட்டார். எல்லாம் கிளியர். உங்களுக்கு ஃபீஸ் கூட வேண்டாம். வில்லங்க சான்று பாருங்க, முப்பது வருஷம் போட்டிருக்கேன். ஒரு வில்லங்கமும் இல்லை."

காகிதத்தில் அடமானம் எதுவும் இல்லை. பட்டா விற்பவர் பேரில் இருந்தது. வீட்டு வரி ரசீதும் அவர் பேரில்தான். கணக்குப்பிள்ளைக்கு மனசு குளிர்ந்தது. ரூ.25 ஆயிரம் டோக்கன் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏங்க, விக்கிறவரோட வக்கீல் 'வாங்காதே'ன்னு சொல்வாரா?"

கணக்குப்பிள்ளையிடம் பதில் இல்லை.

"என் நகையை அடகுக்கடையில வைக்கிறதுக்கு முன்னாடி, நமக்குன்னு ஒருத்தர் பார்க்கட்டும். அந்த ஊர்லயே இருக்கிற வக்கீலாப் பாருங்க" என்று முடித்துவிட்டார் அந்த அம்மாள்.

யார் யாருக்காகப் பார்க்கிறார்கள்?

வீடு வாங்கும் போது பல பேர் பத்திரத்தைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். ஆனால் வாங்குபவருக்காகப் பார்ப்பவர் யார்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

சார்பதிவாளர் பார்க்கிறார். ஆனால் அவர் பார்ப்பது முத்திரைத் தீர்வை சரியாகக் கட்டியிருக்கிறதா, வந்த ஆள் சரியான ஆளா, சாட்சிகள் இருக்கிறார்களா, தடை செய்யப்பட்ட சொத்தா என்பது போன்றவற்றைத்தான். விற்பவருக்கு அந்தச் சொத்து உண்மையிலேயே சொந்தமா என்று தீர்ப்பு சொல்வது அவர் வேலை அல்ல. தமிழ்நாட்டில் இருந்து போன ஒரு வழக்கில், 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே, "ரிஜிஸ்தர் ஆபீசிலேயே பதிந்து கொடுத்துவிட்டார்கள், இனி என்ன பயம்?" என்ற பேச்சு செல்லாது. பதிவு என்பது பத்திரத்துக்குத்தான். உரிமைக்கு அல்ல.

பத்திரம் எழுதுபவர் பார்க்கிறார். அவர் லைசென்ஸ் பெற்றவர். பல வருட அனுபவத்தில் நாலு எல்லை, அளவு, முந்தைய பத்திர நம்பர் எல்லாம் பிசகாமல் எழுதுவார். ஆனால் அவர் வேலை எழுதுவது. மூலப்பத்திரத்தில் இருந்து உரிமை சரியாக இறங்கி வந்திருக்கிறதா என்று சட்டப்படி ஆராய்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை அல்ல.

பேங்க் வக்கீல் பார்க்கிறார். அவர் பார்ப்பது பேங்க் கொடுக்கும் கடனுக்காக. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்ட பிறகுதான் பேங்க் வக்கீல் கைக்குப் பத்திரமே போகிறது. அவர் "சரி இல்லை" என்று சொன்னால் கடன் நின்றுவிடும். கொடுத்த ஐந்து லட்சம்? அதை வாங்க விற்பவர் வீட்டுக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான்.

விற்பவரின் வக்கீல், புரோக்கரின் வக்கீல் பற்றிச் சொல்லவே வேண்டாம். வியாபாரம் முடிந்தால்தான் அவர்களுக்கு அடுத்த வேலை வரும்.

மிச்சம் இருப்பது ஒருவர்தான். வாங்குபவர் தானே தேடி, தானே ஃபீஸ் கொடுத்து வைக்கும் வக்கீல்.

ஃபீசில் மிச்சம் பிடிக்கலாமா?

ரூ.48 லட்சம் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், அதாவது ரூ.3 லட்சத்து 36 ஆயிரம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ரூ.96 ஆயிரம். ஆக மொத்தம் ரூ.4 லட்சத்து 32 ஆயிரம் அரசாங்கத்துக்குப் போகிறது. அரசு வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் இன்னும் கூடும். புரோக்கருக்குக் கமிஷன் தனி. கிரகப்பிரவேசச் செலவு தனி.

இத்தனைக்கும் மூச்சு விடாமல் கொடுப்பவர்கள், பத்திரம் பார்க்கும் வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுக்க மட்டும் யோசிக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளையும் யோசித்தார். ஆனால் வீட்டில் உத்தரவு ஆகிவிட்டதே!

கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கிய கடைக்காரர் ஒருவரை விசாரித்தார். அவர் ஒரு வக்கீலம்மாவின் பேரைச் சொன்னார். ஜெராக்ஸ் கடை மாடியில் சின்ன ஆபீஸ். செங்கல்பட்டு கோர்ட்டில் சிவில் வழக்கு நடத்துபவர்.

"நாலாவது ஆள் எங்கே?"

வக்கீலம்மா முதலில் ஃபீசைச் சொன்னார். ரூ.7 ஆயிரத்து 500. நகல் எடுக்கும் செலவு தனி. "எழுத்துல கொடுப்பேன். என் கையெழுத்தோட. ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது, சம்மதமா சார்?" என்றார்.

பிறகு பத்திரங்களைத் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினார். ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதினார்.

1986: விற்பவரின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் மனையைக் கிரயம் வாங்குகிறார்.

2003: அப்பா இறந்து போகிறார். உயில் இல்லை. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். வாரிசு சான்றிதழில் நாலு பேர். இரண்டு மகன், இரண்டு மகள்.

2009: தம்பியும் பெரிய தங்கையும் தங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு பட்டா அண்ணன் பேருக்கு மாறுகிறது.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வாரிசு நாலு பேர். விடுதலை கொடுத்தது ரெண்டு பேர். வாங்கிக்கிட்டது ஒருத்தர். ஆக மூணு பேர்தான் வர்றாங்க. நாலாவது ஆள் எங்கே சார்?"

கணக்குப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருடமாகப் பேரேடு கூட்டிக் கழிப்பவர் அவர். இந்தக் கூட்டல் அவர் கண்ணில் படவில்லை!

"சீர் செஞ்சாச்சே!"

அன்று மாலையே விற்பவரைப் போனில் கேட்டார். அவர் சிரித்தார்.

"அது கடைசித் தங்கச்சி சார். அவ கல்யாணத்துக்கு நாப்பது பவுன் போட்டோம். சீர்வரிசை எல்லாம் செஞ்சாச்சு. அப்புறம் அவ கையெழுத்து எதுக்கு?"

நம் ஊரில் பாதிக் குடும்பங்களில் இந்தப் பேச்சு உண்டு. ஆனால் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் சரி பங்கு. இந்து வாரிசு உரிமைச் சட்டம் வந்த 1956-ம் ஆண்டில் இருந்தே இதுதான் நிலைமை. பரம்பரைச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-ல் சட்டம் கொண்டு வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை மேலும் உறுதி செய்தது. நாற்பது பவுன் போட்டதால் நாலில் ஒரு பங்கு போய்விடாது. விட்டுக்கொடுத்தேன் என்று அந்தத் தங்கை பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தால்தான் போகும்.

மறுநாள் வக்கீலம்மாவிடம் இருந்து போன் வந்தது. "சார், கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

விற்பவர் பேரைப் போட்டு கோர்ட்டு இணைய தளத்தில் தேடியிருக்கிறார் அவர். செங்கல்பட்டு கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கு ஒன்று இருந்தது. வாதி, கடைசித் தங்கை. பிரதிவாதி, அண்ணன். கேட்பது, நாலில் ஒரு பங்கு. வழக்குப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது.

வில்லங்க சான்றில் ஏன் வரவில்லை?

"வில்லங்கத்துல ஒண்ணுமே இல்லையே மேடம்?" என்று கேட்டார் கணக்குப்பிள்ளை.

இது பலரும் கேட்கும் கேள்வி. வில்லங்க சான்று என்பது, அந்தச் சொத்தைப் பற்றிப் பதிவான ஆவணங்களின் பட்டியல். பதிவாகாதது எதுவும் அதில் வராது.

கோர்ட்டில் நடக்கும் வழக்கு, தடை உத்தரவு போன்ற எதையும் பதிவு ஆபீசுக்குக் கொண்டு வந்து பதியாத வரை அதில் வராது. உயில் வராது. பதிவு செய்த உயில் கூட வேறு புத்தகத்தில் இருக்கும். குடியிருப்பவரின் வாய்ப்பேச்சு வாடகை வராது. பாக்கி வைத்த வீட்டு வரி, மின்சாரக் கட்டணம் வராது.

முன்பெல்லாம் மூலப்பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கடன் வாங்குவது கூட வராது. 2012-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்த பிறகு பத்திர வைப்பு, கிரய அக்ரிமென்ட், பவர் பத்திரம் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று ஆனது. ஆனால் கந்துவட்டிக்காரரிடம் ஒரிஜினலைக் கொடுத்துக் கைமாற்று வாங்குகிறவர் பதிந்துவிட்டா வாங்குகிறார்? அதனால்தான், "ஒரிஜினல் லாக்கர்ல இருக்கு சார், இப்போதைக்கு ஜெராக்ஸ் பாருங்க" என்று சொன்னால் நல்ல வக்கீல் விட மாட்டார். ஒரிஜினலைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசுவார்.

வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கினால், அந்த வழக்கின் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. "எனக்குத் தெரியாதே" என்று சொல்லித் தப்ப முடியாது. கணக்குப்பிள்ளை அந்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் போட்டு, பிறகு கிரயமும் முடித்திருந்தால், 48 லட்சத்துக்கு வீட்டோடு சேர்த்து ஒரு வழக்கையும் வாங்கியிருப்பார்.

தெருவே சொன்னது

வக்கீலம்மா இன்னொரு காரியமும் செய்யச் சொன்னார். "ஒரு ஞாயித்துக்கிழமை தனியா போய் அந்தத் தெருவுல ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க."

கணக்குப்பிள்ளை போனார். டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர்.

"எந்த வீடு தம்பி? கிணத்து வீடா? அங்க அண்ணன் தங்கச்சி தகராறு ஓடுதே! போன தீபாவளிக்குக்கூட வாசல்ல நின்னு சண்டை."

தெருவுக்கே தெரிந்த விஷயம். வாங்க வந்தவருக்கு மட்டும் தெரியவில்லை.

உள்ளூர் வக்கீல் ஏன்?

பாரிமுனையில் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் நிலம் ஊருக்கு ஊர் வேறு. இதற்குத்தான் உள்ளூரில் பழகிய கண் வேண்டும்.

சில கிராமங்கள் ஒரு பதிவு ஆபீசில் இருந்து பிரிந்து இன்னொரு ஆபீசுக்கு வந்தவை. முப்பது வருட வில்லங்கம் பார்க்க வேண்டுமென்றால் பழைய ஆபீசிலும் தேட வேண்டும். புது ஆபீசில் மட்டும் தேடினால் பாதி காலம் விட்டுப்போகும்.

சர்வே நம்பரும் அப்படித்தான். பழைய நம்பர் ஒன்று, உட்பிரிவு செய்த பிறகு ஒன்று, நகர சர்வே முடிந்த இடங்களில் வேறு ஒன்று. தப்பு நம்பரைப் போட்டுத் தேடினால் வில்லங்கமே இல்லை என்றுதான் வரும்!

எது ஏரிப் புறம்போக்கு, எது மேய்க்கால், எது கோவில் நிலம் என்பது அந்த ஊர் வக்கீலுக்குக் கேட்டவுடனே நினைவுக்கு வரும். கோவில் நிலத்தை அறநிலையத் துறை கமிஷனர் அனுமதி இல்லாமல் விற்றால், 1959-ம் ஆண்டுச் சட்டப்படி அந்த விற்பனையே செல்லாது. செங்கல்பட்டு வட்டாரத்தில் பஞ்சமி நிலமும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக 1892-ம் ஆண்டு உத்தரவின்படி கொடுத்த நிலம் அது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. மேலே எத்தனை கிரயம் நடந்திருந்தாலும் அந்த நிபந்தனை துரத்தி வரும்.

மனைப் பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதும் முக்கியம். அனுமதி இல்லாத மனைகளைப் பதிய 2016-ம் ஆண்டு சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. அதன்பின் 20-10-2016 வரை உருவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. எந்த மனைப் பிரிவு வரன்முறை ஆனது, எது ஆகவில்லை என்பது உள்ளூர் வக்கீலுக்கு விரல் நுனியில் இருக்கும்.

வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அனுபவசாலிகள் சொல்லும் யோசனைகள் வருமாறு:-

1. புரோக்கர், விற்பவர், பில்டர் காட்டும் வக்கீல் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்க முடியாது.

2. அதே பகுதியில் கடந்த சில வருடங்களில் வீடு வாங்கியவர்களைக் கேளுங்கள். குடியிருப்போர் சங்கத்தில் விசாரியுங்கள். "அவர் எதையாவது கண்டுபிடித்து 'வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறாரா?" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "சரி" போடும் வக்கீலால் பிரயோசனம் இல்லை.

3. சிவில் வேலை, அதிலும் பத்திரம் பார்க்கும் வேலை செய்பவராக இருக்க வேண்டும். ஜாமீன் எடுப்பதில் கெட்டிக்காரர், பத்திரத்திலும் கெட்டிக்காரராக இருப்பார் என்று சொல்ல முடியாது.

4. பார் கவுன்சில் பதிவு நம்பரைக் கேளுங்கள். உண்மையான வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

5. ஃபீஸ் எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதை முதலிலேயே பேசுங்கள். வில்லங்கம் போடுவது, நகல் எடுப்பது, கிரயப் பத்திரம் தயாரிப்பது, பதிவு நாளில் கூட வருவது எல்லாம் சேர்த்தா, தனித்தனியா? ரசீது கேட்டு வாங்குங்கள்.

6. பத்திரத்தை அவரே படிக்கிறாரா, ஜூனியர் படிக்கிறாரா என்று கேளுங்கள். ஜூனியர் படிப்பது தப்பில்லை. கையெழுத்துப் போடுபவரும் படிக்க வேண்டும்.

7. "எல்லாம் கிளியர்" என்ற வாய்ப்பேச்சு போதாது. எந்தெந்தப் பத்திரத்தைப் பார்த்தார், எது ஒரிஜினல், எது ஜெராக்ஸ், எது கிடைக்கவில்லை, யார் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

8. அந்தக் காகிதம் கைக்கு வரும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அவசரப்படுத்துகிற வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல.

இதையும் கேளுங்கள்

நல்ல வக்கீல் வாங்குபவரிடம் சில கேள்விகள் கேட்பார். அவர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

விற்பவர் பவர் பத்திரத்தை வைத்து விற்கிறாரா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் முடிந்துவிடும். வெறும் பவரும் அக்ரிமென்டும் வாங்கி வைத்துக்கொள்வதால் சொத்து சொந்தம் ஆகாது என்று 2011-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது.

முந்தைய கிரயங்களில் எங்காவது மைனர் பங்கு இருந்ததா? கோர்ட்டு அனுமதி வாங்கினார்களா? அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பையன் மேஜர் ஆன பிறகு மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வழி உண்டு.

பட்டாவில் இருக்கும் பேரும் பத்திரத்தில் இருக்கும் பேரும் ஒன்றா? பட்டா முக்கியமான காகிதம்தான். ஆனால் பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகாது. இந்தக் கதையில் பட்டா அண்ணன் பேரில் தனியாகவே இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

புல வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் அளந்தால் வரும் அளவும் சரியாக இருக்கிறதா? வீட்டில் இப்போது குடியிருப்பவர் யார்? எந்த உரிமையில் குடியிருக்கிறார்?

விற்பவருக்கும் வக்கீல் வேண்டும்

"நான் பணம் வாங்குகிறவன்தானே, எனக்கு எதற்கு வக்கீல்?" என்று விற்பவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு.

கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, மீதிப் பணத்தை இழுத்தடித்து, விலை ஏறும் வரை காத்திருப்பவர்கள் உண்டு. அக்ரிமென்டில் கெடு சரியாக எழுதாவிட்டால், வேறு ஆளுக்கும் விற்க முடியாமல், பணமும் வராமல், "எனக்கே கிரயம் செய்து கொடு" என்று கோர்ட்டுக்கும் இழுப்பார்கள். கெடு எத்தனை மாதம், தவறினால் அட்வான்ஸ் என்ன ஆகும், வீட்டுச் சாவி எப்போது என்பதை விற்பவருக்காக ஒரு வக்கீல் பார்த்து எழுத வேண்டும்.

சொத்தில் உள்ள குறையை மறைத்து விற்றாலும் ஆபத்துதான். உரிமையில் குறை இருந்தால், அதை வாங்குபவரிடம் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை என்று சட்டமே சொல்கிறது. முதலிலேயே ஒரு வக்கீலிடம் காட்டி, விட்டுப்போன கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டால், நல்ல விலையும் கிடைக்கும். பேங்க் கடனை அடைத்தவர்கள், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிந்து வைத்துக்கொள்ளவும் வேண்டும். அதை விட்டுவிட்டால், வில்லங்க சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும்.

அப்புறம் என்ன ஆச்சு?

கணக்குப்பிள்ளை அந்த வீட்டை வாங்கவில்லை.

"தங்கச்சியும் வந்து கையெழுத்துப் போட்டு, வழக்கையும் முடிச்சுட்டா வாங்கலாம். இல்லேன்னா வேண்டாம்" என்று வக்கீலம்மா எழுத்திலேயே கொடுத்துவிட்டார். விற்பவரிடம் இதைச் சொன்னதற்கு, "இஷ்டம்னா வாங்குங்க, இல்லேன்னா போங்க" என்று பதில் வந்தது.

டோக்கன் பணம் ரூ.25 ஆயிரம் சும்மா திரும்பி வரவில்லை. மூன்று வாரம் புரோக்கர் வீட்டுக்கும் விற்பவர் வீட்டுக்கும் நடந்து, கடைசியில் 15 ஆயிரம்தான் கைக்கு வந்தது. வக்கீல் ஃபீஸ், நகல் செலவு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட 18 ஆயிரம் ரூபாய் போயிற்று. கணக்குப்பிள்ளை அதைப் பேரேட்டில் எழுதுவது போல் வீட்டு நோட்டில் எழுதி வைத்தார்.

ஆறு மாதம் கழித்து, அடுத்த ஸ்டேஷன் பக்கம் வேறு வீடு அமைந்தது. கிணறு இல்லை. ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும். பத்திரம் பார்த்தது அதே வக்கீலம்மா. இந்தத் தடவை வாரிசு ஐந்து பேர். ஐந்து பேரும் வந்து, பதிவு ஆபீசில் வரிசையாக நின்று கையெழுத்துப் போட்டு, விரல் ரேகை வைத்தார்கள். அதில் ஒரு பாட்டி. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கணக்குப்பிள்ளை மனைவி ஓடிப் போய் அந்தப் பாட்டிக்கு நாற்காலி போட்டார்.

கிணற்று வீடு என்ன ஆயிற்று? அதை வேறு ஒருவர் வாங்கிவிட்டார். "நம்ம வக்கீலே பார்த்துட்டார் சார்" என்று அவரிடமும் சொல்லியிருப்பார்கள். இப்போது அந்த வழக்கில் அவரும் ஒரு பிரதிவாதி. வாய்தா அன்று கடையைப் பூட்டிவிட்டு, செங்கல்பட்டு கோர்ட்டுக்கு ரெயில் ஏறுகிறார்.

சில நாட்களில் கணக்குப்பிள்ளையும் அவரும் ஒரே ஸ்டேஷனில் எதிர் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். ஒருவர் வேலைக்கு. இன்னொருவர் வாய்தாவுக்கு.